ஆய்வுக்கூடத்திலிருந்து பிரிஞ்சாங்குக்கு எத்தனை ஆண்டு?

மலேசியாவில் வயது வந்த இந்தியர்களில் நூற்றுக்கு 31 பேருக்கு நீரிழிவு. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு சொன்ன கணக்கு இது. நாடு முழுமைக்கும் 18.3 விழுக்காடு, இந்தியர்களிடம் 31.4 விழுக்காடு. நோய் இருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. 2023 ஆய்வில் நாட்டளவு எண் 15.6 ஆக இறங்கியது. அப்போதும் ஆறு பேரில் ஒருவர். காரணம் தெரிந்த நோய் இது. தடுக்கும் வழியும் தெரியும், மருந்தும் இருக்கிறது. இவ்வளவு தெரிந்தும் அந்த அறிவு தோட்டத்து வீட்டு வாசல் வரை வந்து சேராதது ஏன்? கேமரன் மலையின் பிரிஞ்சாங் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் நின்று இதைக் கேட்க வேண்டியிருக்கிறது.

இது மருத்துவர்கள் மட்டும் பேசித் தீர்க்கும் விவகாரம் அல்ல. நம் நாட்டில் புதிதாக டயாலிசிஸுக்கு வருவோரில் பாதிக்கு மேற்பட்டவர்களின் சிறுநீரகத்தைக் கெடுத்தது நீரிழிவுதான். வாரத்தில் மூன்று நாள் இயந்திரத்தில் படுக்க வேண்டும். மலையில் இருப்பவருக்கு அது மூன்று நாள் வேலை இழப்பு, மூன்று நாள் பயணம், கூடப் போகும் பிள்ளையின் சம்பளத்திலும் வெட்டு. குடும்பத்தையே சாய்த்துவிடும் செலவு.

நீரிழிவின் சிகிச்சைக்கு மட்டும் 2017ஆம் ஆண்டில் நாடு 400 கோடி ரிங்கிட்டுக்கு மேல் செலவழித்ததாகச் சுகாதார அமைச்சின் மதிப்பீடு கூறுகிறது. முன்கூட்டியே கண்டுபிடித்திருந்தால் இதில் ஒரு பகுதியாவது மிஞ்சியிருக்கும்.

பூட்ஸுக்குள் மறையும் புண்

பிரிஞ்சாங்கின் சுங்கை பாலாஸ் சரிவுகளில் கொழுந்து வெட்டுவோரின் கால்களைக் கவனித்தால் விஷயம் புரியும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். பனி, மழை, சேறு என்று நாள் முழுவதும் ஈரம். இருவர் பிடித்துச் செல்லும் வெட்டு இயந்திரத்தோடு சரிவில் பக்கவாட்டாக நடக்கும்போது, குதிகாலிலும் விரல் இடுக்கிலும் தோல் உரசிக்கொண்டே இருக்கும்.

நீரிழிவு பல ஆண்டுகள் கட்டுப்படாமல் இருந்தால் பாதத்தில் உணர்ச்சி மரத்துவிடலாம். சிறு கல்லொன்று பூட்ஸுக்குள் விழுந்தாலும் தெரியாது. சாயங்காலம் பூட்ஸைக் கழற்றும்போதுதான் காலுறையில் இரத்தம் தெரியும். வலி இல்லாததால் மஞ்சளைத் தடவிவிட்டு மறுநாளும் வேலைக்குப் போவார்கள். இரண்டு வாரத்தில் அது விரலை எடுக்கும் புண்ணாகிவிடலாம்.

பாதத்தை நாள்தோறும் பார்ப்பது, கழுவித் துடைத்து உலர வைப்பது, பூட்ஸை மாட்டுமுன் கவிழ்த்துத் தட்டுவது, ஆண்டுக்கு ஒரு முறையாவது கிளினிக்கில் மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சியைச் சோதிப்பது. உலகெங்கும் மருத்துவ வழிகாட்டிகளில் இருக்கும் அடிப்படை இவைதான். பெரிய செலவு எதுவும் இல்லை. ஆனால் பெரட்டில் ஆள் கணக்கு எடுக்கும்போது, கால்களைப் பற்றிக் கேட்பது யாருடைய வேலை?

அப்படி ஒருவரை நாம் நியமிக்கவே இல்லை. இதற்கு ஒரு வரலாறு உண்டு. கிராமப்புறச் சுகாதாரத் திட்டம் 1950களில் தொடங்கியபோது அரசு மருந்தகங்கள் கம்பங்களைத் தேடிப் போயின. தோட்டம் தனியார் நிலம், அங்குள்ளவர்களின் சுகாதாரம் முதலாளியின் பொறுப்பு என்று விடப்பட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரியும் டிரெஸ்ஸர் என்ற மருத்துவ உதவியாளரும் அப்படித்தான் நிலைத்தார்கள். பின்னர் பல தோட்டங்களில் ஆஸ்பத்திரிகள் மூடப்பட்டன. பழைய ஏற்பாடு போன பிறகும், பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்குத் தெளிவான பதில் வரவில்லை.

புழுங்கல் அரிசி தந்த பாடம்

ஆய்வு நடைமுறையாவது எப்படி என்பதற்கு இந்த மண்ணிலேயே பெரிய முன்னுதாரணம் இருக்கிறது. அதில் நம் முன்னோரின் சோற்றுப்பானைக்கும் பங்கு உண்டு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் சுரங்கங்களிலும் சிறைகளிலும் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கால் வீங்கும், நடை தளரும், இதயம் நின்றுவிடும். சீனச் சுரங்கத் தொழிலாளர்களிடம் கொத்துக்கொத்தாக வந்த இந்நோய், தமிழ்த் தொழிலாளர்களிடம் அரிதாக இருந்தது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் லியோனார்ட் பிராடன் இதைக் கவனித்தார். சீனர்கள் உண்டது தீட்டிய வெள்ளைப் பச்சரிசி, தமிழர்கள் உண்டது புழுங்கல் அரிசி.

1905இல் வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் இதைச் சோதித்தார். நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண்ணி, ஒற்றைப்படை எண்காரர்களை ஒரு பிரிவாகவும் இரட்டைப்படை எண்காரர்களை இன்னொரு பிரிவாகவும் பிரித்தார். ஒரு பிரிவுக்கு வெள்ளைப் பச்சரிசி, மற்றதற்குப் புழுங்கல் அரிசி. வெள்ளை அரிசி உண்ட பிரிவில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கல் அரிசி உண்ட பிரிவில் அந்நோய்க்கு ஒருவரும் பலியாகவில்லை. வேண்டாம் என்று சொல்லும் உரிமைகூட இல்லாத நோயாளிகள் கொடுத்த விலை அது.

அடுத்து, கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஹென்றி பிரேசரும் ஸ்டாண்டனும் ஜெலுபுவில் சாலை வேலை செய்த ஜாவானியத் தொழிலாளர்களிடம் இதை உறுதிசெய்து 1909இல் வெளியிட்டனர். தீட்டும்போது நாம் தவிடாகத் தள்ளுவதில்தான் காக்கும் பொருள் இருக்கிறது என்பது தெளிவானது. 1910இல் மணிலாவில் கூடிய வெப்பமண்டல மருத்துவ மாநாடு, தீட்டிய வெள்ளை அரிசியையே நம்பி உண்பதோடு பெரிபெரிக்குத் தொடர்பு உண்டு என்று தீர்மானம் போட்டது.

அதன் பிறகு நடந்ததுதான் இன்று நமக்கு வேண்டிய பாடம். அரிசி வாங்கும் அதிகாரம் ஒருவர் கையில் இருந்த இடங்களில், அதாவது சிறைகளிலும் காப்பகங்களிலும், ஓர் உத்தரவோடு அரிசி மாறியது, நோய் அடங்கியது. யாரும் பொறுப்பேற்காத வெளியுலகில் வெள்ளை அரிசியே கோலோச்சியது. பெரிபெரியும் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. கண்டுபிடிப்பு இரண்டு இடத்துக்கும் ஒன்றுதான். பொறுப்பாளர் இருந்த இடத்தில் உயிர் பிழைத்தது.

தீட்டிய அதே அரிசி இன்று வேறு கதை சொல்கிறது. தீட்டிய தானியத்தை அதிகம் உண்பவர்களிடம் நீரிழிவு கூடுதலாக இருப்பதை மருத்துவர் வி. மோகன் குழுவினரின் சென்னை ஆய்வு 2009இல் காட்டியது. முன்னோரைக் காத்த பழக்கத்தை விட்டு விலகி வெகுதூரம் வந்துவிட்டோம்.

பதினேழு ஆண்டுக்கு மேல் தாமதம்

பொறுப்பேற்பவர் பின்வாங்கினால் என்ன ஆகும் என்பதையும் தோட்ட மக்கள் அனுபவித்திருக்கிறார்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லி அதற்குச் சாட்சி. முதுகில் தோம்பைச் சுமந்து மருந்தடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அவர்களிலும் கணிசமானோர் தமிழ்ப் பெண்கள். நகம் கழன்று விழுவது, மூக்கில் இரத்தம் வடிவது, தோல் வெந்துபோவது எல்லாம் அவர்களுக்குத் தினசரி அனுபவம். விழுங்கிவிட்டால் அதற்கு முறிமருந்தே இல்லை.

ஐரீன் பெர்னாண்டஸ் தலைமையிலான தெனகானித்தா அமைப்பு, பூச்சிக்கொல்லி எதிர்ப்பு இயக்கத்தோடு சேர்ந்து இப்பெண்களிடமே கேட்டு எழுதிய ஆய்வை 2002இல் வெளியிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் அரசு பாராகுவாட்டைத் தடை செய்வதாக அறிவித்தது. இத்தனை வேகமாக ஆய்வு கொள்கையாக மாறியதே என்று மகிழ்ந்த நேரத்தில், 2006இல், தோட்டத் துறையின் வற்புறுத்தலுக்குப் பின் தடை தளர்த்தப்பட்டது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1இல்.

இடையில் போன ஆண்டுகளில் புதிய அறிவியல் எதுவும் தேவைப்படவில்லை. சுவீடன் 1983இலேயே தடை செய்திருந்தது. நம்மைப் போலவே தேயிலை விளையும் இலங்கை 2008 தொடங்கி மூன்று ஆண்டுகளில் படிப்படியாக விலக்கிக்கொண்டது. அங்கே கொடிய நஞ்சுகளை விலக்கிய பின் தற்கொலைச் சாவுகள் குறைந்ததையும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆதாரம் கையில் இருந்தும் காத்திருந்ததற்கான விலையை நம் பெண்களின் நுரையீரலும் தோலும் செலுத்தின.

கேமரன் மலையின் காய்கறித் தோட்டங்களில் மருந்தடிக்கும் கைகள் இன்று பெரும்பாலும் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா, மியன்மார் நாட்டவருடையவை. அன்று நம் தாய்மார்களுக்கு நடந்தது இன்று அவர்களுக்கு நடக்கலாகாது.

வாசல் தேடிப் போன மருத்துவம்

நம்பிக்கை தரும் எடுத்துக்காட்டுகளும் இருக்கின்றன. அவற்றில் சில நம் உறவுகள் வாழும் மண்ணிலேயே நடந்தவை.

நீரிழிவு வரும் நிலையில் இருந்த 531 பேரைச் சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். தினமும் நடை, உணவில் கட்டுப்பாடு, இடைவிடாத அறிவுரை. இவற்றால் மட்டுமே நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது என்று 2006இல் அறிவித்தார்கள். அதே குழு கைப்பேசிக் குறுஞ்செய்தியை வைத்துச் செய்த இன்னோர் ஆய்வை 2013இல் வெளியிட்டது. அடிக்கடி வந்த சின்னஞ்சிறு நினைவூட்டல்களால், வேலைக்குப் போகும் ஆண்களிடம் நோய் வருவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. ஆளுக்கொரு கைப்பேசி இருக்கும் நம் தோட்டங்களில் இதைச் செய்ய என்ன தடை?

தமிழ்நாட்டில் 2020இல் எடுத்த கணக்கெடுப்பு ஓர் அதிர்ச்சியைத் தந்தது. உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கே அது கட்டுக்குள் இருந்தது. நீரிழிவில் 10.8 விழுக்காடு. அரசு அந்த எண்ணை அலமாரியில் வைக்கவில்லை. 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் பயிற்சி பெற்று, வீடு வீடாகப் போய் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்து, மாதந்தோறும் மாத்திரையைக் கையில் கொடுக்கிறார்கள். 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது அதற்குக் கிடைத்தது.

நம் நாட்டிலும் ஒன்று உண்டு. கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சோதனைக்குப் போகப் பெண்கள் தயங்குவது எல்லாருக்கும் தெரியும். கூச்சம், பயம், நேரமின்மை. மலாயாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவர் வூ யின் லிங் குழுவினர், ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து, 2018இல் ‘ரோஸ்’ திட்டத்தைச் சோதித்தனர். பெண்ணே திரைக்குப் பின் போய்ப் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துக் கொடுத்துவிடலாம். முடிவு கைப்பேசிக்கு வரும். அந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ் இருப்பது தெரிந்தால் அடுத்த சிகிச்சைக்கு அவரை அழைத்துத் தொடர்வார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கின் அரசு கிளினிக்குகளில் 4,000க்கும் மேற்பட்ட பெண்கள் அதில் பங்கேற்றார்கள். ஆண் மருத்துவர் முன் படுக்கத் தயங்கும் தோட்டத்துத் தாய்க்கு இதைவிடப் பொருத்தமான முறை வேறில்லை.

திட்டம் உண்டு, கைகோக்கும் ஆள் இல்லை

மலேசிய அரசு சும்மா இருக்கிறது என்று சொல்வது நியாயமாகாது. 2019 ஜூலையில் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி வந்தது. அது 2025இல் 90 சென்னாக உயர்ந்தது. அதே 2019இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டம், உதவித்தொகை பெறும் 40 வயதை எட்டியோருக்கு இலவச உடல் பரிசோதனை தருகிறது. மருந்தைத் தபாலில் அனுப்பும் வசதி 2011 முதல் இருக்கிறது. அரசு கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட் கட்டணம். 2023 ஜூனில் நாடாளுமன்றம் ஏற்ற சுகாதார வெள்ளை அறிக்கை, நோய் வந்த பின் மருந்து கொடுப்பதைவிட வருமுன் காப்பதே இனி வழி என்று சொல்கிறது.

ஆனால் பிரிஞ்சாங் தோட்டத்தில் 58 வயதில் இருக்கும் ஒரு தொழிலாளியின் நாளைப் பாருங்கள். விடிந்ததும் பெரட்டு. வேலை முடியும்போது கிளினிக் சாத்தும் நேரம். ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போகும். தானா ராத்தாவில் சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனை இருக்கிறது. சிறப்பு மருத்துவர் என்றால் பெரும்பாலும் மலையிறங்கி ஈப்போ போக வேண்டும். வளைவுப் பாதையில் போகவர ஒரு நாள் முழுதும் ஆகிவிடும். பிள்ளைகள் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலையில் இருப்பார்கள். கூட்டிப் போகத் துணை இல்லாததால் தவணை தவறும். தவணை தவறினால் மாத்திரை நிற்கும். நோயாளிக்கு அக்கறை இல்லை என்று கோப்பில் எழுதப்படும்.

பானங்களுக்கான வரியும் தோட்டத்து வாசலில் நின்றுவிடுகிறது. குளிருக்கு இதமாகப் பகலில் மூன்று நான்கு முறை குடிக்கும் டின்பால் தேநீரில் உள்ள சர்க்கரையை எந்த வரியும் தொடாது.

அறிக்கை எழுதுவோர் ஒருபுறம், திட்டம் தீட்டுவோர் ஒருபுறம், தோட்ட நிர்வாகம் ஒருபுறம். மூன்றையும் ஒருவர் இணைத்தால்தான் ஆய்வு மருந்தாக மாறும்.

இனிச் செய்ய வேண்டியவை

ஒன்று: பெரட்டில் பரிசோதனை. வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க விடியற்காலையைவிட நல்ல நேரம் இல்லை. ஆண்டுக்கு இருமுறை, வேலைநேரத்திலேயே, கூலி பிடிக்காமல், மாவட்டச் சுகாதார அலுவலகக் குழு தோட்டத்துக்கு வர வேண்டும். சர்க்கரையோடு இரத்த அழுத்தத்தையும் பாதங்களையும் பார்க்க வேண்டும். இதற்கு நேரம் ஒதுக்குவது தோட்ட நிர்வாகத்தின் கடமை என்று எழுத்தில் இருக்க வேண்டும். தோட்டத் தொழிலாளர் வீட்டுவசதிக்கும் நலவசதிக்கும் 1990இலேயே குறைந்தபட்சத் தரச் சட்டம் இயற்றிய நாட்டுக்கு இதைச் சேர்ப்பது பெரிய காரியமல்ல.

இரண்டு: தோட்டத்துக்கு ஒரு சுகாதாரத் துணைவர். அந்தத் தோட்டத்துப் பெண் ஒருவருக்கே பயிற்சியும் மாதப் படியும் கொடுங்கள். தபாலில் வரும் மருந்தைச் சேர்ப்பது, தவணையை நினைவூட்டுவது, முதியவரை ஈப்போவுக்கு அழைத்துப் போக வண்டி ஏற்பாடு செய்வது அவர் வேலை. தொண்டூழியம் என்ற பெயரில் இலவசமாக உழைக்கச் சொன்னால் ஆறு மாதத்தில் அது நின்றுவிடும்.

மூன்று: தோட்டத்துக்கென்று ஓர் எண். தேசிய ஆய்வு நாட்டுக்கும் மாநிலத்துக்கும் எண் தரும், ஒரு தோட்டத்துக்குத் தராது. எத்தனை பேர் சோதிக்கப்பட்டார்கள், எத்தனை பேருக்கு நோய், எத்தனை பேருக்குக் கட்டுக்குள் இருக்கிறது என்ற மூன்று எண்களை, பெயர் இல்லாமல், ஆண்டுதோறும் தோட்ட அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும். மூன்றாவது எண் உயர்கிறதா என்று எல்லாரும் கேட்க முடியும்.

நான்கு: புரியும் மொழி. நினைவூட்டல்கள் தமிழில், எளிய நடையில், படிக்கத் தெரியாதவர்களுக்குக் குரல் செய்தியாகக் கைப்பேசிக்கு வரட்டும். வங்க மொழியிலும் நேப்பாளியிலும் இந்தோனேசிய மொழியிலும் வரட்டும். ஒரே மலையில் ஒரே வேலை செய்பவர்களில் பாதிப் பேரை விட்டுவிட்டால் அது சுகாதாரத் திட்டமாகாது.

ஐந்து: பெண்களுக்கு நாள் ஒதுக்குங்கள். 30 வயதைக் கடந்த தோட்டப் பெண்களுக்குப் பஞ்சுக்குச்சிச் சோதனையை, பெண் தாதியர் துணையோடு, தோட்டத்திலேயே நடத்தலாம். வைரஸ் கண்டறியப்பட்டவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் பொறுப்பையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

ஆறு: கோயிலும் பள்ளியும் களமாகட்டும். பிரிஞ்சாங் தண்டாயுதபாணி கோயிலுக்கும் தோட்டத்து மாரியம்மன் கோயில்களுக்கும் விழாக் காலத்தில் வராதவர் குறைவு. அன்னதானப் பந்தலுக்குப் பக்கத்தில் ஒரு சோதனை மேசை போடலாம். வெறுங்காலில் நேர்த்திக்கடன் செலுத்துவோருக்கு முன்கூட்டியே பாதச் சோதனை செய்யலாம். அன்னதானத்தில் புழுங்கல் அரிசிச் சோறும் கூடுதல் காய்கறியும் இடம்பெறலாம். தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் இனிப்புப் பானத்தை விலக்கலாம்.

ஏழு: ஆய்வுக்குப் பணம் தருவோர் ஒரு நிபந்தனை வைக்கட்டும். பொதுப்பணத்தில் நடக்கும் எந்தச் சுகாதார ஆய்வும், பங்கேற்ற மக்களுக்கு அவர்கள் மொழியில் முடிவைச் சொல்ல வேண்டும். அதை யார், எந்தத் தேதிக்குள், எந்தப் பணத்தில் செயல்படுத்துவார்கள் என்ற ஒரு பக்கமும் அறிக்கையில் இருக்க வேண்டும். ஈராண்டு கழித்து அந்தப் பக்கத்தை நாடாளுமன்றக் குழு எடுத்துக் கேள்வி கேட்க வேண்டும்.

இந்த ஏழில் முதல் மூன்றுக்குப் புதிய மருந்தோ புதிய கட்டடமோ தேவையில்லை. மாவட்டச் சுகாதார அதிகாரியும் தோட்ட மேலாளர்களும் தொழிற்சங்கமும் ஒரு மேசையில் உட்கார்ந்து, பொறுப்பாளர் பெயரையும் தொடங்கும் தேதியையும் எழுதிக் கையெழுத்திட்டால் போதும். கேமரன் மலைத் தொகுதியின் மக்கள் பிரதிநிதிகள் அந்தக் கூட்டத்தை இந்த ஆண்டே கூட்ட வேண்டும். தோட்ட மக்களும் அதைக் கேட்டுப் பெற வேண்டும்.